பெருந்திட்டங்களும் வீதிப் போக்குவரத்தும்

ஒரு கட்டடம் தனக்குரிய காணியின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றது. அதன் சுவர் அயற்காணியில் ஓரடி புகுமாயின் வழக்கு எழும், நில அளவையாளர் வருவர், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். ஆயின், அக்கட்டடத்தை நாடி வருவோரும் அதனின்று புறப்படுவோரும் செல்லும் வழி அக்காணியின் எல்லைக்குள் அடங்குவதன்று. நூற்றுக்கணக்கான வீடுகள் எழும்பிய ஓரிடத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் வாகனங்கள் பொதுவீதியையே பயன்படுத்துகின்றன. அவ்வீதியோ முன்னரே பலர்க்கும் உரியது. பள்ளி செல்லும் மாணவர், பஸ் வண்டிக்குக் காத்து நிற்போர், சந்தைக்கு நடந்து செல்லும் முதியோர், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி ஆகிய யாவர்க்கும் அதில் உரிமை உண்டு. சுவர் புகுந்தால் வழக்கிடும் சமுதாயம், நெரிசல் புகுவதைக் கணக்கிடாது விடுதல் பொருந்துமோ? இவ்வினாவிற்கு விடை காண எழுந்த துறையே பெருந்திட்டங்களின் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்பது.

இடத்தின் பயனுக்கும் வீதியின் அளவுக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் புதியதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் எல்லா வீதிக்கும் ஒரே அகலம் கூறவில்லை; அவ்வவ் வீதி சென்று சேரும் இடத்திற்கேற்ப வெவ்வேறு அகலங்களை வகுத்துரைக்கின்றது. ஈழத்தில் இதற்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவக் காலத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆண்டின் ஏனைய நாள்களில் வாகனங்கள் இயல்பாகச் சென்றுவரும் சுற்றுவீதிகள், அந்த 25 நாள்களிலும் வாகனங்களுக்கு மூடப்பட்டு அடியார் கூட்டத்திற்கு விடப்படுகின்றன. வீதியின் அகலம் மாறவில்லை. இடத்தின் ஈர்ப்பே மாறுகின்றது. அம்மாற்றத்தை முன்கூட்டியே அறிந்து ஒழுங்கு செய்வதனாலேயே பெருவிழா இனிது நிறைவேறுகின்றது. திருவிழா 25 நாளில் முடியும். கட்டி முடித்த மாடங்களோ 60, 70 ஆண்டுகள் நிற்கும். ஆதலின் அங்கே முன்னறிவு இன்னும் இன்றியமையாததாகின்றது.

துறையின் தோற்றம்

மோட்டார் வாகனங்கள் பெருகிய தொடக்க காலத்தில் வீதிப் பொறியியலாளர் வாகனங்களை எண்ணினர். எண்ணிக்கை ஆண்டுதோறும் எவ்வளவு உயர்கின்றதெனக் கண்டு, அவ்வீதத்திலேயே எதிர்காலத்தையும் கணித்தனர். வாகனங்கள் ஏன் அவ்வழியே செல்கின்றன என்று அவர்கள் வினவவில்லை. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் றொபேட் மிச்செல், செஸ்ரர் றாப்கின் என்னும் இருவர் வெளியிட்ட நூல், நகரப் போக்குவரத்து நிலப்பயன்பாட்டின் விளைவே என்னும் கருத்தை நிலைநாட்டிற்று. 1953 இல் டெற்றொயிற் நகரிலும் 1955 முதல் சிக்காகோ நகரிலும் நடைபெற்ற பேராய்வுகள் அக்கருத்தைக் கணக்கீட்டு முறையாக வளர்த்தன. எங்கே எவ்வகை நிலப்பயன் உள்ளதென அறிந்தால் எத்தனை பயணங்கள் எங்கிருந்து எங்கே செல்லும் என முன்னுரைக்கலாம் என்பது அம்முறையின் அடிப்படை.

பிரித்தானியாவில் 1963 இல் கொலின் புக்கானன் தலைமையில் வெளிவந்த ‘நகரங்களிற் போக்குவரத்து’ என்னும் அறிக்கை மற்றொரு படி மேலே சென்றது. ஒரு தெருவுக்கு இருவகைக் கொள்திறன் உண்டென்பது புக்கானன் கருத்து. அவ்வழியே எத்தனை வாகனங்கள் ஓட இயலும் என்பது ஒன்று. எத்தனை வாகனங்கள் ஓடினால் அத்தெருவில் வாழ்வோர் அமைதியாகவும் அச்சமின்றியும் வாழ இயலும் என்பது மற்றொன்று. பின்னையது முன்னையதிலும் பெரும்பாலும் மிகக் குறைவு. பொறியியலாளர் முன்னையதையே அளந்தனர். மக்களோ பின்னையதிலேயே வாழ்கின்றனர். இவ்வேறுபாடு இற்றைவரை இத்துறையின் நடுவில் நிற்கும் சிக்கலாகும்.

மதிப்பீட்டின் படிகள்

மதிப்பீட்டு முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டினால் விளக்குதல் எளிது. நகரொன்றின் எல்லையில் 400 வீடுகள் கொண்ட மாடித் தொகுதியொன்றைக் கட்ட விண்ணப்பம் செய்யப்படுகின்றது எனக் கொள்க.

முதலாவதாக, எவ்வெச் சந்திகள் வரை ஆராய்வது என எல்லை வகுக்கப்படும். இரண்டாவதாக, அச்சந்திகளில் இன்று செல்லும் வாகனங்கள் எண்ணப்படும். பள்ளி விடுமுறை நாளிலோ நீண்ட வார இறுதியிலோ எண்ணினால் எண்ணிக்கை குறையும். ஆதலின் எந்நாளில், எந்நேரத்தில் எண்ணப்பட்டது என்பதே முதல் வினா. மூன்றாவதாக, புதிய தொகுதியிலிருந்து எத்தனை பயணங்கள் தோன்றும் எனக் கணிக்கப்படும். காலை நெரிசல் மணித்தியாலத்தில் 10 வீட்டுக்கு 3 வாகனம் வீதம் புறப்படும் எனக் கொண்டால், 400 வீட்டிலிருந்து 120 வாகனங்கள் வெளியேறும். நான்காவதாக, அவை எத்திசை செல்லும், எவ்வழியை மேற்கொள்ளும் எனப் பகுக்கப்படும். அவற்றுட் பாதி அருகிலுள்ள சந்தியின் ஒரு கரையை அடையும் என்றால், அங்கே 60 வாகனங்கள் கூடும். ஐந்தாவதாக, அச்சந்தி அக்கூடுதலைத் தாங்குமோ எனச் சோதிக்கப்படும். இறுதியாக, தாங்காதெனில் செய்ய வேண்டிய பரிகாரம் கூறப்படும்.

இப்படிகளைக் காண்போர்க்கு இது பள்ளிக்கூட எண்கணிதம் போலத் தோன்றும். பெருக்கலும் வகுத்தலும் எளியனவே. ஆனால், பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண் எங்கிருந்து வந்தது என்பதிலேயே விடை தங்கியிருக்கின்றது. 10 வீட்டுக்கு 3 வாகனம் என்றது யார்? எங்கே கண்டது? அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவனம் 1976 முதல் இத்தகைய வீதங்களைத் தொகுத்து வெளியிட்டு வருகின்றது. உலகெங்கும் அத்தொகுப்பு எடுத்தாளப்படுகின்றது. அதன் தரவுகளிற் பெரும்பகுதி, பொதுப் போக்குவரத்துக் குறைந்த, வீட்டுக்கு வீடு கார் உள்ள அமெரிக்கப் புறநகர்களிற் பெறப்பட்டவை. 1987 ஆம் ஆண்டுப் பதிப்பு, வாகனத்தில் இருந்தவாறே உணவு வாங்கும் விரைவுணவுச் சாலையொன்று 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்களைத் தோற்றுவிக்கும் எனக் கூறிற்று. தசமத்தின் பின் மூன்று தானங்கள் வரை நுட்பம் காட்டிய அவ்வெண், ஒரு சில கடைகளை ஆராய்ந்து பெற்ற சராசரியே என்பதையும், கடையின் பரப்புக்கும் பயண எண்ணிக்கைக்கும் அத்தரவில் உறவு மிக மெலிந்தது என்பதையும் பேராசிரியர் டொனால்ட் ஷூப் எடுத்துக்காட்டினார். நுட்பமான எண் யாவும் உண்மையான எண் ஆகிவிடுவதில்லை என்பது மாணவர் நெஞ்சிற் பதிய வேண்டிய பாடம்.

விழுக்காடு செய்யும் மயக்கம்

மேற்கூறிய சந்தியை மீண்டும் நோக்குக. அதன் ஒரு கரை மணித்தியாலத்திற்கு 1,200 வாகனங்களை வெளியேற்ற வல்லது எனவும், இன்று அங்கே 1,080 வாகனங்கள் வந்து சேர்கின்றன எனவும் கொள்க. அஃதாவது, கொள்திறனில் 90 விழுக்காடு நிரம்பியுள்ளது. புதிய தொகுதியின் 60 வாகனங்களும் சேர்ந்தால் 1,140 ஆகும். இது 95 விழுக்காடு. திட்டத்தாரின் அறிக்கை, “இன்றுள்ள போக்குவரத்தில் கூடுதல் 5.6 விழுக்காடே, நிமிடத்திற்கு ஒரு வாகனமே, ஆகவே தாக்கம் புறக்கணிக்கத்தக்கது” என்று கூறக்கூடும். கூறப்படும் எண்கள் யாவும் சரியானவை. முடிபு மட்டும் தவறானது.

எங்ஙனமெனில், காத்திருக்கும் நேரம் வாகனங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக உயர்வதன்று. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வாய்பாட்டின்படி, வாகனங்கள் ஒழுங்கின்றி வந்து சேரும் சந்தியொன்றில் சராசரித் தாமதம், எஞ்சியிருக்கும் கொள்திறனுக்குத் தலைகீழ் விகிதமாக அமையும். மேற்படி கரையில் ஒரு வாகனம் கடக்க 3 செக்கன் வேண்டும். கொள்திறனில் 50 விழுக்காடு நிரம்பியபோது ஒரு வாகனத்தின் சராசரித் தாமதம் 6 செக்கன். 80 விழுக்காட்டில் அது 15 செக்கன். 90 விழுக்காட்டில் 30 செக்கன். 95 விழுக்காட்டில் 60 செக்கன். வாகனங்கள் 5.6 விழுக்காடு கூடின. தாமதமோ இரு மடங்காயிற்று. சமிக்ஞை விளக்குள்ள சந்திகளுக்கு வாய்பாடு வேறு. நெரிசல் வேளை ஓரளவிற்கே நீடிக்கும் என்பதும் கருதத்தக்கது. எனினும் வளைகோட்டின் வடிவம் ஒன்றே: நிறையும் தறுவாயிலுள்ள குடத்திற் சிறு துளியும் பெரிதாகும்.

முன் கூறிய பயண வீதத்தின் ஐயப்பாட்டையும் இதனோடு இணைத்துக் காண்க. 10 வீட்டுக்கு 2 வாகனம் என்றால் சந்தியிற் கூடுபவை 40. தாமதம் 45 செக்கன். 3 என்றால் 60 செக்கன். 4 என்றால் சந்தியிற் கூடுபவை 80. தாமதம் 90 செக்கன். ஒரு சிறிய ஊகத்தின் மாற்றம் விடையை இருமடங்காக்குகின்றது. ஆதலின் ஒற்றை எண்ணை மட்டும் தரும் அறிக்கை நிறைவுடையதன்று. ஊகம் பிழைத்தால் என்னவாகும் என்பதையும் அது கூறியாக வேண்டும்.

விழுக்காட்டு மயக்கம் வெறுங்கற்பனையன்று. பிரித்தானியாவில் 1994 ஆம் ஆண்டு வழிகாட்டி நூலொன்று, புதிய திட்டத்தினால் அயல்வீதிப் போக்குவரத்து 10 விழுக்காட்டிற்கு மேல், அல்லது நெரிசலுள்ள இடங்களில் 5 விழுக்காட்டிற்கு மேல் உயருமாயின் மதிப்பீடு வேண்டும் என விதித்தது. 2007 இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட வழிகாட்டல் அவ்வரம்பை ஏற்கத்தகாததெனத் தள்ளிற்று. காரணம் எளிது. 500 வாகனங்கள் செல்லும் வீதியில் 5 விழுக்காடு என்பது 25 வாகனம். 3,000 வாகனங்கள் செல்லும் வீதியில் அதுவே 150 வாகனம். ஏற்கெனவே நெரிந்த வீதியருகே கட்டுவோர்க்கே அவ்விதி கூடிய சலுகை அளித்தது. 2007 ஆம் ஆண்டு வழிகாட்டலும் 2014 இல் மீளப்பெறப்பட்டு அதனிடத்திற் சுருங்கிய குறிப்புகள் வந்தன. எனினும் அது சுட்டிய குற்றம் குற்றமே.

இன்னொரு மயக்கமும் உண்டு. 400 வீட்டுத் தொகுதி கட்டப்பட்டபின் அதே சந்திக்கு அருகில் அதே அளவினதாகிய இரண்டாவது தொகுதி வருமாயின், வாகனங்கள் 1,140 இலிருந்து 1,200 ஆகும். அப்போது சந்தியின் கொள்திறன் முழுதும் நிரம்பிவிடும். வரிசை நெரிசல் வேளை முடியும்வரை வளர்ந்துகொண்டே செல்லும். முதலாமவரும் தம் பங்கு 60 வாகனமே என்பர். இரண்டாமவரும் அவ்வாறே கூறுவர். இருவர் கூற்றும் உண்மை. தனித்தனியே பொறுக்கத்தக்க இரு செயல்கள் கூடிப் பொறுக்கவொண்ணா விளைவைத் தருகின்றன. அருகருகே அனுமதி பெற்ற, பெறவிருக்கும் திட்டங்கள் யாவற்றையும் ஒருங்கே வைத்து எண்ணாத மதிப்பீடு, காட்டை நோக்காது மரத்தை மட்டும் நோக்கியதாகும்.

எண்ணப்படாதோர்

தாமதத்தின் அளவு இத்துணையாயின், அதனைச் சுமப்போர் யாவர்? சந்தியின் அக்கரையை இன்று பயன்படுத்தும் 1,080 வாகனங்களுள் 54 பஸ்கள் எனவும், ஒவ்வொன்றிலும் 50 பேர் உள்ளனர் எனவும், ஏனைய 1,026 வாகனங்களிற் சராசரி 1.5 பேர் உள்ளனர் எனவும் கொள்க. பஸ்களில் 2,700 பேரும் ஏனையவற்றில் ஏறத்தாழ 1,540 பேரும் செல்கின்றனர். வாகன எண்ணிக்கையில் 5 விழுக்காடாகிய பஸ்கள், மக்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினரைச் சுமக்கின்றன. புதிய தொகுதி விளைக்கும் 30 செக்கன் கூடுதல் தாமதம், பஸ் பயணிகளுக்கு மட்டும் ஒவ்வொரு நெரிசல் மணித்தியாலத்திலும் 22.5 மனித மணித்தியால இழப்பாகும். ஆயினும் பொறியியல் வழக்கில் ஒரு பஸ் இரண்டு அல்லது மூன்று கார்களுக்குச் சமமான இடையூறாகவே எண்ணப்படுகின்றது. அது கொள்ளும் இடம் கணக்கில் ஏறுகின்றது. அது சுமக்கும் மக்கள் கணக்கில் ஏறுவதில்லை.

அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்திறன் கைந்நூலின் 1965 ஆம் ஆண்டுப் பதிப்பு, வீதியின் சேவைத் தரத்தை ஏ முதல் எஃப் வரை ஆறாக வகுத்தது. இன்றும் பல நாட்டு அறிக்கைகள் அவ்வெழுத்துகளையே முடிபாகத் தருகின்றன. அத்தரம் முதன்முதல் வகுக்கப்பட்டது வாகனம் ஓட்டுவோர் எய்தும் வசதியை அளப்பதற்கே. வீதியைக் குறுக்கே கடக்க நிற்பவர் அடையும் இன்னல் அதில் இடம்பெறவில்லை.

அவ்வின்னலையும் அளக்க முடியாதென்பதில்லை. ஆடம்ஸ் என்னும் பிரித்தானியர் 1936 இலேயே, ஒழுங்கின்றி வரும் வாகனங்களுக்கிடையே தக்க இடைவெளிக்குக் காத்து நிற்கும் பாதசாரியின் சராசரித் தாமதத்திற்கு வாய்பாடு கண்டார். விளக்குச் சமிக்ஞையோ மஞ்சட்கடவையோ இல்லாத ஓரிடத்தில், கடப்பதற்கு 6 செக்கன் வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்க. மணித்தியாலத்திற்கு 600 வாகனம் செல்லும் வீதியில் அவர் சராசரி 4 செக்கன் காத்திருப்பார். 1,200 வாகனம் ஆனால் 13 செக்கன். 1,800 ஆனால் 32 செக்கன். வாகனம் மும்மடங்காயிற்று, காத்திருத்தலோ ஏழு மடங்கிற்கு மேலாயிற்று. இனி, கோலூன்றி நடக்கும் முதியவரொருவர்க்கு அதே வீதியைக் கடக்க 9 செக்கன் வேண்டும் எனக் கொள்க. 1,200 வாகனம் செல்லும்போது அவர் 48 செக்கன் நிற்க வேண்டும். 1,800 ஆனால் ஏறத்தாழ 170 செக்கன், அஃதாவது மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. வெயிலில் மூன்று நிமிடம் நின்று பார்த்தவர் பொறுமையிழந்து, போதாத இடைவெளியிற் காலெடுத்து வைப்பதே விபத்தின் தொடக்கம். பள்ளிக்கு எதிரேயுள்ள வீதியில் இவ்வாய்பாட்டைப் பயன்படுத்தாது சந்தியின் தரத்தை மட்டும் கூறும் அறிக்கை, எழுத்தில் நிறைந்தும் அறத்திற் குறைந்தும் நிற்கும்.

ஆகவே, சுமை வாகன எண்ணிக்கைக்கு ஏற்ப மெல்ல வளர்வதன்று. ஓரெல்லையைத் தாண்டியபின் பாய்ந்து வளர்வது. அதன் பெரும்பகுதி எண்ணிக்கைப் பட்டியலில் இடம்பெறாதோர் தலையிலேயே விழுகின்றது. இவ்விரு உண்மைகளையும் மனத்திற் கொண்டே எந்த மதிப்பீட்டையும் வாசித்தல் வேண்டும்.

பரிகாரமும் அதன் வரம்பும்

வீதி தாங்காதெனில் அகலப்படுத்தினால் என்ன என்பது இயல்பாக எழும் எண்ணம். சில இடங்களில் அது தேவையே. ஆயின் இலண்டன் மாநகரைச் சூழ்ந்தமைந்த எம் 25 நெடுஞ்சாலையின் வரலாறு எச்சரிக்கை தருவது. 1986 இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அச்சாலை, எதிர்பார்த்ததினும் விரைவில் நிரம்பிற்று. வழி எளிதானமையால் முன்பு பயணம் செய்யாதோர் செய்தனர். அருகே சென்றோர் தொலைவு சென்றனர். 1994 இல் பிரித்தானிய அரசின் ஆலோசனைக் குழுவொன்று, புதிய வீதிகள் புதிய போக்குவரத்தைத் தாமே தோற்றுவிக்கக் கூடும் என முடிபு கூறிற்று. அகலப்படுத்திய வீதியைக் கடக்கும் முதியவர்க்கு வேண்டிய செக்கன்களும் மிகுதியாகும் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் நல்ல அறிக்கை பரிகாரங்களை ஒழுங்கு முறையில் நாடும். முதலில் பயணத் தேவையைக் குறைத்தல்: வீட்டருகே கடையும் பள்ளியும் அமைதல். அடுத்து நடைபாதை, துவிச்சக்கர வண்டிப் பாதை, பஸ் தரிப்பிடம், பஸ்களுக்கெனத் தனிவழி. அதன்பின் வாகனத் தரிப்பிட எண்ணிக்கையை அளவோடு நிறுத்தல். பின்னர்ச் சமிக்ஞை விளக்குகளைச் சீரமைத்தல். இவை யாவும் போதாதவிடத்தே வீதியை அகலப்படுத்தல்.

பரிகாரம் நிறைவேறும் காலமும் முதன்மையானது. இன்னும் எழாத புகையிரதப் பாதையையோ மேம்பாலத்தையோ நம்பி, நெரிசல் நீங்கும் என ஓர் அறிக்கை கணித்தால், அது எழாவிடில் என்னவாகும் என்பதும் அவ்வறிக்கையிலேயே இருத்தல் வேண்டும். கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டை வரை, ஜப்பானியக் கடனுதவியுடன், ஏறத்தாழ 15.7 கிலோமீற்றர் நீளத்தில் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டத்திற்கு 2019 மார்ச்சில் கடனுடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அப்பாதை வரும் என்று நம்பி வரைந்த கணக்கு எதுவாயினும், அன்றே அதன் அடித்தளத்தை இழந்தது.

கொழும்புத் துறைமுக நகர்

ஈழத்தில் இத்துறைக்கு வாய்த்த மிகப் பெரிய தேர்வு கொழும்புத் துறைமுக நகராகும். கோட்டைக்கும் காலிமுகத்திடலுக்கும் எதிரே கடலை நிரப்பிப் பெற்ற நிலம் அது. 2014 செப்டெம்பரிற் பணி தொடங்கியபோது திட்டமிட்ட பரப்பு 233 ஹெக்டயர். 2015 மார்ச்சில் ஆட்சி மாற்றத்தின் பின் பணி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே துணைச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டது. 2016 இல் பணி மீளத் தொடங்கிற்று. பரப்பு 269 ஹெக்டயராயிற்று. 2019 சனவரியில் நிலம் நிரப்பும் வேலை நிறைவெய்திற்று. 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அதற்கெனத் தனி ஆணைக்குழுவொன்றை நிறுவிற்று.

அந்நகரில் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்வர் என்றும், நாள்தோறும் 250,000 பேர் வந்து செல்வர் என்றும் எதிர்பார்ப்புகள் பரவலாக வெளியாயின. பெருமளவு கடலாற் சூழப்பட்ட அந்நிலத்திற்குத் தரைவழி கோட்டை, காலிமுகத்திடல் பக்கமாகவே அமையும். எதிர்பார்ப்பின் பொருளை உணர எளிய கணக்கொன்று போதும். வருவோரிற் காற்பங்கினர் காலையின் ஒரு மணித்தியாலத்தில் வருவர் எனக் கொண்டால் அவர் தொகை 62,500. நெரிசலற்ற வீதியின் ஒரு வாகனத் தடம் மணித்தியாலத்திற்குச் சுமார் 2,000 கார்களை விடும், காருக்கு 1.5 பேர் வீதம் 3,000 பேர். யாவரும் காரில் வரின் நகருக்குள் நுழைய மட்டும் 20 இற்கு மேற்பட்ட தடங்கள் வேண்டும். சமிக்ஞை விளக்குள்ள வீதிகளாயின் இன்னும் மிகுதி வேண்டும். யாவரும் 50 பேர் ஏறும் பஸ்களில் வரின் 1,250 பஸ்கள், அஃதாவது மூன்று செக்கனுக்கு ஒன்று வீதம். ஓரூர்தி 1,000 பேரைச் சுமக்கும் புகையிரதமாயின் 63 ஊர்திகள். ஒரு வழியால் மட்டும் இக்கூட்டத்தைக் கொண்டுசெல்ல இயலாது. காரை முதன்மையாகக் கொண்டு அறவே இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

களனி ஆற்றின் புதிய பாலம் 2021 நவம்பரிற் திறக்கப்பட்டது. அதனருகிலிருந்து துறைமுகப் பகுதியை நோக்கிச் செல்ல, ஏறத்தாழ 5.3 கிலோமீற்றர் நீளமான உயர்த்திய நெடுஞ்சாலைக்கு 2018 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனளிக்க இசைந்தது. துறைமுகத்திற்குச் செல்லும் பாரவூர்திகளை நகரத் தெருக்களினின்று பிரித்தெடுப்பதில் இதன் பயன் பெரிது. ஆயின் மேம்பாலம் இறங்குமிடத்தில் மீண்டும் ஒரு சந்தியே உள்ளது. சந்தியின் விதி முன் கூறியதே. துறைமுக நகர் ஒரே நாளில் நிரம்பப்போவதில்லை. பல்லாண்டுகளிற் படிப்படியாக நிரம்பும். ஆதலின் ஒருமுறை செய்த மதிப்பீட்டோடு அமையாது, ஒவ்வொரு படியிலும் வாகனத்தையும் மக்களையும் மீள எண்ணி, அடுத்த கட்டடத்திற்கு அனுமதி அளித்தலே அறிவுடைமை.

குடிமக்களின் பங்கு

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தை 1988 இல் திருத்திய 56 ஆம் இலக்கச் சட்டம், குறித்துரைத்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. அறிக்கை ஆயத்தமானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளேடுகளிலும் அறிவித்தல் வெளியிட வேண்டும். அறிவித்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பொதுமக்கள் தம் கருத்தை எழுதியனுப்பலாம் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடு. எவை குறித்துரைத்த திட்டங்கள் என்பது 1993 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் வரையறுக்கப்பட்டது; 1,000 வீட்டிற்கு மேற்பட்ட வீடமைப்புகளும் 99 அறைக்கு மேற்பட்ட உல்லாச விடுதிகளும் அவற்றுட் சில. 400 வீட்டுத் தொகுதிகள் மூன்று, தனித்தனியே வரம்பிற்குட்பட்டும் கூடி 1,200 வீடாக வரம்பைத் தாண்டியும் நிற்கக்கூடும் என்பது முன் கூறிய ‘தனித்தனி’ மயக்கத்தின் மற்றொரு முகம்.

அந்த 30 நாள்கள் பெரும்பாலும் வாளா கழிகின்றன. அறிக்கையின் பருமனும் வாய்பாடுகளும் கண்டு, இது வல்லுநர் பணி என மக்கள் ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டியதில்லை. வீதியின் உண்மை நிலையை அதில் நாள்தோறும் நடப்பவரே நன்கறிவர். அவர் ஐந்து வினாக்களை எழுப்பினாற் போதும். வாகனங்கள் எந்நாளில் எண்ணப்பட்டன? பயண வீதம் எந்நாட்டில், எத்தகைய இடத்திற் பெறப்பட்டது. அது பிழைத்தால் விடை எவ்வளவு மாறும்? அருகிலுள்ள ஏனைய திட்டங்கள் சேர்த்து எண்ணப்பட்டனவா? பஸ் பயணியும் பாதசாரியும் எவ்வளவு நேரம் காத்திருப்பர்? கூறிய பரிகாரம் திட்டத்திற்கு முன் நிறைவேறுமா, பின்னரா? இவற்றுள் எதற்கும் வல்லுநர் பட்டம் வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்க்கு இதிற் பயிற்சி பெறுதலும் எளிது. ஒரு காலைப் பொழுதில் பாடசாலை வாயிலில் ஒரு மணித்தியாலம் நின்று, வாகனங்களை வகைபிரித்து எண்ணலாம். பஸ்களில் உள்ளோரை மதிப்பிடலாம். வீதியைக் கடப்போர் எத்தனை செக்கன் காத்து நிற்கின்றனர் என மணிக்கூட்டினாற் குறிக்கலாம். கணித வகுப்பில் அவ்வெண்களை வரைபாக்கலாம். அவ்வாறு ஆண்டுதோறும் எண்ணி வைக்கும் பதிவு, பின்னொரு நாள் அவ்வீதியருகே பெருந்திட்டமொன்று எழும்போது, எந்த வல்லுநரும் மறுக்கவொண்ணாச் சான்றாக அமையும். கட்டியபின் வீதியைக் குறைகூறுவதினும், கட்டுமுன் எண்ணிப் பார்த்து உரைப்பதே பயனுடைத்து. கட்டடம் எழுந்தபின் அதனை நகர்த்துவார் இல்லை; எழுமுன் அதன் இடத்தையும் அளவையும் மாற்றுதற்கு ஒரு பேனாவும் சில நாள்களுமே போதும்.